டைனாகோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப்ளிஃபையர்: அறிகுறி பார்த்துப் பழுது காணும் வழிமுறை

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இயங்கிய டைனாகோ நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70, ஒவ்வொரு சேனலுக்கும் 35 வாட் தரக்கூடிய வால்வு ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு இஎல்34 வால்வுகள், அவற்றுக்கு முன்நிலையாக நிற்கும் இரண்டு 7199 வால்வுகள், மின்னோட்டத்தை நேர்படுத்த ஒரு ஜிஇசட்34 ஆகிய ஏழும் சேர்ந்ததே இதன் உள்ளடக்கம். லட்சக்கணக்கில் விற்ற இந்தக் கருவி, தொழிற்சாலையில் பூட்டியதாகவும், வாங்குபவரே வீட்டில் பற்றவைத்துக்கொள்ளும் உதிரிக் கட்டாகவும் கிடைத்தது. அதனால் இன்று நம் கைக்கு வரும் ஒன்றின் உள்ளே இருக்கும் வேலை, தேர்ந்த கைவேலையாகவும் இருக்கலாம், அறுபது ஆண்டுகளாக யாரும் கவனிக்காத, ஈயம் சரியாக உருகிப் பிடிக்காத ஒரு பச்சைப் பற்றவைப்பாகவும் இருக்கலாம். சுற்றுப்படத்தில் இருப்பதே உள்ளேயும் இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. பாகங்களை மாற்றிப் பார்த்துப் பழுதைத் தேடுவதைவிட, அளந்து பார்த்துப் பழுதைக் கண்டபின் பாகத்தை மாற்றுவதே இந்தக் கருவியில் செலவையும் ஆபத்தையும் குறைக்கும்.

மூடியைக் கழற்றுவதற்கு முன்

இதனுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் ஓடுகிறது. இஎல்34 வால்வுகளைக் கழற்றிய நிலையில் அது 500 வோல்ட்டையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்கள் அந்த மின்னேற்றத்தை வைத்திருக்கும். வால்வுகள் சூடாக இருக்கும்போது அணைத்தால் அவற்றின் வழியே பெரும்பகுதி வடிந்துவிடும் என்றாலும், வால்வுகளைக் கழற்றியோ, சூடேறும் முன்போ அணைத்தால் வடிவதற்கு வழியில்லாமல் நின்றுவிடும். எனவே 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு உறையிட்ட கிளிப் வயர்களைப் பற்றவைத்துத் தயாராக வைத்துக்கொள்ளவும். ஒரு கிளிப்பைச் சேசிஸில் (கருவியின் உலோகச் சட்டகத்தில்) மாட்டிவிட்டு, மற்றொன்றைப் பெரிய கண்டன்சரின் முனைகளில் ஒவ்வொன்றாகப் பத்து விநாடி பிடித்து, பிறகு மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்துகொண்டே கையை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நேரடியாகக் குறுக்கிடும் பழக்கம் கண்டன்சரையும் கண்ணையும் கெடுக்கும். வடித்த பிறகும் கண்டன்சரில் சிறிது மின்னழுத்தம் தானே மீண்டு எழும் என்பதால், வேலை முடியும்வரை அந்த மின்தடையைக் கழற்றாமலே விட்டுவிடுவது நல்லது.

கருவி ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால், மீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒரு கையால் மட்டுமே வேலை செய்ய வேண்டும். மோதிரம், உலோகக் கடிகாரம், ஈரத்தரை, வெறுங்கால் எதுவும் கூடாது. வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்யவும். மலிவான மீட்டர்கள் சில 500 அல்லது 600 வோல்ட்டோடு நின்றுவிடும். 1000 வோல்ட் வரை அளக்கக்கூடியதே இதற்குப் பொருந்தும்.

பழைய பிரதிகளில் இரண்டு இழை மின்கம்பிதான் இருக்கும், எர்த் இருக்காது. மூன்று இழைக் கம்பியைப் போட்டு, பச்சை இழையைச் சேசிஸில் போல்ட்டால் இறுக்கிவிடுவதை முதல் வேலையாகக் கொள்ளவும். 117 வோல்ட்டுக்கான இந்தக் கருவியை 230 வோல்ட் ஊரில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுபவர்கள், அந்தப் பெட்டியின் வெளிவாயிலில் எர்த் பின் உண்மையிலேயே சுவர் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அது வெறும் துளையாகவே இருக்கும்.

சுவிட்சைப் போட்டும் எதுவும் ஒளிரவில்லை

இது பெரும்பாலும் எளிய பழுது. பின்புறம் உள்ள ஃப்யூஸைக் கழற்றி மீட்டரில் பார்க்கவும்; கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் மூடியருகே கம்பி அறுந்திருக்கலாம். ஃப்யூஸ் நல்லதென்றால் ஃப்யூஸ் ஹோல்டரின் துருப்பிடித்த தொடர்பு, சுவிட்ச், மின்கம்பி ஆகியவற்றை பிளக்கைப் பிடுங்கிய நிலையில் ஓம் அளவில் சோதிக்கலாம். இவை சரியாக இருந்து, பவர் டிரான்ஸ்பார்மரின் முதற்சுருள் மட்டும் திறந்துபோயிருந்தால் அதற்கு மாற்று டிரான்ஸ்பார்மர்தான் வழி.

ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

போன ஃப்யூஸைத் தூக்கி எறியாமல் உற்றுப் பார்க்கவும். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசினாற்போலோ இருந்தால் நேரடிக் குறுக்குச்சுற்று. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால், கருவி கொஞ்ச நேரம் மிகுதியாக மின்னோட்டம் இழுத்திருக்கிறது. எந்த நிலையிலும் பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்ப்பது தீர்வாகாது, டிரான்ஸ்பார்மரைக் காவு கொடுப்பதாகத்தான் முடியும்.

அடுத்து, ரேடியோ மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பை எடுத்துக்கொள்ளவும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்தால், உள்ளே குறுக்குச்சுற்று இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியுமே தவிர ஃப்யூஸ் போகாது, எதுவும் கருகாது. ஸ்டெப் டவுன் பயன்படுத்துபவர்கள் 230 வோல்ட் பல்பை அந்தப் பெட்டிக்கு முன்னால், சுவர்ப் பக்கத்தில் வைக்கவும். நல்ல கருவியிலும் வால்வுகள் சூடேறியதும் பல்பு ஓரளவு எரியத்தான் செய்யும் என்பதை நினைவில் வைக்கவும்.

முதலில் ஜிஇசட்34ஐக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுக்கவும். அப்போதும் பல்பு பளிச்சென்று எரிந்தால் பழுது பவர் டிரான்ஸ்பார்மரில், ஃபிலமென்ட் வயரிங்கில், அல்லது பயாஸ் (இஎல்34களின் மின்னோட்டத்தை அடக்கிவைக்கும் எதிர்மின்னழுத்தம்) தரும் நேர்திருத்தியின் பக்கத்தில் இருக்கிறது. பல்பு மங்கினால் அவை பிழைத்தன என்று பொருள். பிறகு இஎல்34 நான்கையும் கழற்றி, ஜிஇசட்34ஐ மாட்டிப் பார்க்கவும். இப்போது பளிச்சிட்டால் ஜிஇசட்34 உள்ளுக்குள் குறுக்கிட்டிருக்கிறது, அல்லது பெரிய கண்டன்சர் போய்விட்டது. இந்தச் சோதனையை நீட்டிக்கக் கூடாது: உயர்மின்னழுத்தச் சுருள் நடுமுனையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 360 வோல்ட் தருவதால், சுமையில்லாத கண்டன்சர் அதன் உச்சமான ஏறத்தாழ 509 வோல்ட்டுக்கு ஏறும்; கண்டன்சரின் தாங்கும் அளவோ 525 வோல்ட் மட்டுமே. இதுவும் தாண்டிவிட்டால், இஎல்34களை ஒரு சேனலுக்கு இரண்டாக மாட்டிக் குற்றவாளி வால்வைக் கண்டுபிடிக்கலாம்.

நெடுநாள் பெட்டியில் தூங்கிய கருவியை வேரியாக்கில் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில்) மெல்ல மெல்ல ஏற்றிக் கண்டன்சரைப் பழக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வால்வு நேர்திருத்தி உள்ள கருவியில் இது பாதி உண்மைதான். ஜிஇசட்34இன் ஃபிலமென்ட் சூடேறும் அளவுக்கு மின்னழுத்தம் வரும்வரை கண்டன்சருக்கு எதுவுமே போகாது. அது சூடேறியதும் ஒரேயடியாகப் பாதிக்கு மேல் போய் விழும். உண்மையாகவே மெல்ல ஏற்ற வேண்டுமானால், ஜிஇசட்34 இடத்தில் தற்காலிகமாக சிலிக்கான் டயோடுகளை வைத்து ஏற்ற வேண்டும். வயதான கண்டன்சரைப் பழக்குவதைவிட, 30, 20, 20, 20 மைக்ரோஃபாரட் கொண்ட நாற்பிரிவுக் கண்டன்சர் உருளைக்குப் புதிதாகச் செய்யப்படும் அதே அளவு உருளையை வாங்கிப் போடுவதே என் விருப்பம். முதல் பிரிவைப் பெரிதாக்கினால் ஓசை உறுதிப்படும் என்று 100 மைக்ரோஃபாரட் போடுபவர்கள் உண்டு. ஜிஇசட்34 தாங்கும் உச்சம் 60 மைக்ரோஃபாரட்தான், அதற்கு மேல் போனால் வால்வுக்குள் தீப்பொறி பறக்கும்.

இஎல்34இன் உள்தகடு சிவக்கிறது

இந்தக் கருவியின் மிக முக்கியமான அறிகுறி இதுதான். வால்வின் அடியில் தெரியும் ஃபிலமென்டின் ஆரஞ்சு ஒளி இயல்பானது. சாம்பல் நிறத் தகடே அடுப்புக் கங்குபோல் சிவந்தால் உடனே அணைக்கவும். ஒரு நிமிடம் பொறுத்தால்கூட வால்வும், சில நேரங்களில் ஸ்பீக்கருக்கு ஒலியைத் தரும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போய்விடும். கண்ணாடியின் உட்பரப்பில் தெரியும் மெல்லிய நீல ஒளியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் தகடுகளுக்கு இடையே ஊதா மூட்டம் தெரிந்தால் வால்வுக்குள் வாயு இருக்கிறது. உச்சியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது.

கருவி ஆறியதும், சிவந்த வால்வையும் மறுசேனலின் நல்ல வால்வு ஒன்றையும் இடம் மாற்றி, பல்பு வழியே மீண்டும் பார்க்கவும். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் சுற்றில் பழுது, அதாவது அந்தச் சாக்கெட்டின் 5ஆம் பின்னுக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு, போக வேண்டிய எதிர்மின்னழுத்தம் போகவில்லை.

இங்கே ஸ்டீரியோ 70இன் அமைப்பு நமக்கு ஓர் உதவி செய்கிறது. பயாஸ் மின்னழுத்தம் ஜிஇசட்34க்கு முன்பே, டிரான்ஸ்பார்மரின் தனி இழையிலிருந்து எடுக்கப்படுவதால், ஜிஇசட்34ஐயும் இஎல்34களையும் கழற்றிவிட்டு, உயர்மின்னழுத்தம் இல்லாத நிலையிலேயே பயாஸை அளக்கலாம். நான்கு சாக்கெட்டுகளிலும் 5ஆம் பின்னில் எதிர் 30 முதல் 40 வோல்ட் வரை வர வேண்டும். பயாஸ் திருகைச் சுழற்றினால் அது தாவாமல் சீராக மாற வேண்டும். ஒரு சாக்கெட்டில் மட்டும் இல்லையென்றால் அதன் 270 கிலோ ஓம் மின்தடையோ, பின்னின் தளர்ந்த பிடியோ காரணம். ஒரு சேனல் முழுவதும் இல்லையென்றால் அந்தச் சேனலின் திருகு மின்தடை காரணம். நான்கிலும் குறைவென்றால் செலினியம் நேர்திருத்தியும் அதையடுத்த 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களும் கிழண்டுவிட்டன. பழுதில்லாவிட்டாலும் இந்த மூன்றையும் மாற்றிவிடவும். செலினியம் கருகும்போது எழும் நாற்றம் நச்சுத்தன்மை உடையது, சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறவும். அதன் இடத்தில் 1என்4007 டயோடு போட்டால் பயாஸ் சில வோல்ட் கூடுதலாக வரும், திருகின் எல்லைக்குள் சரிசெய்ய முடிகிறதா என்று பார்க்கவும். டயோடின் முனைத்திசை மாறினால் எதிர்மின்னழுத்தத்துக்குப் பதில் நேர்மின்னழுத்தம் கிரிட்டுக்குப் போய்விடும் என்பதால், வால்வுகளை மாட்டும் முன் மீட்டரில் எதிர்க்குறியைக் கண்ணால் பார்த்துவிடவும்.

பயாஸ் சரியாக இருந்தும் சூடேறிய பின் சிவந்தால், 0.1 மைக்ரோஃபாரட் இணைப்புக் கண்டன்சர் கசிகிறது. முந்தைய நிலையின் நேர்மின்னழுத்தத்தில் ஒரு துளி அதன் வழியே வந்து பயாஸைத் தின்றுவிடுகிறது. இஎல்34களை மட்டும் கழற்றி, மற்றவற்றை மாட்டிச் சற்று நேரம் ஓட்டி, ஒரு சேனலின் இரு 5ஆம் பின்களையும் ஒப்பிடவும். ஒன்று மற்றதைவிட ஓரிரு வோல்ட் நேர்பக்கம் சாய்ந்திருந்தால் அந்தக் கண்டன்சரைத் தயங்காமல் மாற்றவும். பழைய காகிதக் கண்டன்சர்கள் நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பயாஸ் எண் சரியாக வருகிறது, ஓசை சரியில்லை

தொழிற்சாலைக் குறிப்பின்படி, முன்புறத்து எட்டுப் பின் சாக்கெட்டில் 1.56 வோல்ட் வரும்வரை திருக வேண்டும். ஒரு சேனலின் இரு இஎல்34களின் கேத்தோடுகளும் (வால்வின் மின்னோட்டம் தரைக்கு வெளியேறும் முனைகள்) 15.6 ஓம் மின்தடை ஒன்றின் வழியே தரைக்குப் போகின்றன, 1.56 வோல்ட் என்றால் இரண்டும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர். மீட்டர் காட்டுவது கூட்டுத்தொகையை மட்டும்தான். ஒரு வால்வு 70, மற்றது 30 என்று இழுத்தாலும் அதே 1.56 வரும். திருகும் சேனலுக்கு ஒன்றுதான் என்பதால், வால்வுகளைப் பொருத்தம் பார்த்து இணையாக வாங்குவதைத் தவிர இங்கே வேறு வழியில்லை.

அதோடு அந்த 15.6 ஓம் மின்தடையே ஒரு முறை வால்வு சிவந்தபோது சூடாகி அளவு மாறியிருக்கலாம். அது 20 ஓமுக்கு ஏறியிருந்தால் 1.56 வோல்ட்டில் நமக்குக் கிடைப்பது 78 மில்லிஆம்பியர்தான்; இறங்கியிருந்தால் வால்வுகள் நம் கண்முன்னே வேகும். எனவே திருகைத் தொடும் முன், அணைத்த நிலையில் அந்த மின்தடையை அளக்க வேண்டும். இந்தக் கருவியில் நான் விரும்பிச் செய்யும் ஒரே மாற்றம், ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் தனித்தனியாக 1 சதவீதத் துல்லியமுள்ள 10 ஓம் மின்தடை போடுவது, அப்போது 0.5 வோல்ட் என்றால் அந்த ஒரு வால்வில் 50 மில்லிஆம்பியர்.

50 மில்லிஆம்பியர் என்பதே சற்று அதிகம் என்பது என் கருத்து. 415 வோல்ட்டில் அது ஏறத்தாழ 21 வாட். இஎல்34 தாங்கும் உச்சம் 25 வாட். வீட்டு மின்னழுத்தம் கூடும் நாளில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். 40 மில்லிஆம்பியருக்கு இறக்கினால் காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, வால்வுகள் நீடித்து உழைக்கும்.

திருகும்போது ஸ்பீக்கர்கள் இரண்டும் இணைந்திருக்க வேண்டும். பயாஸின் எதிர்மின்னழுத்தத்தை மிக அதிகமாக வைத்துத் தொடங்கி, கால் மணி நேரம் சூடேறிய பின் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றவும். இரு சேனலும் ஒரே மின்வழங்கியைப் பகிர்வதால், ஒன்றைத் திருகினால் மற்றது சிறிது நகரும். மாறிமாறி இரண்டு முறை பார்க்கவும். முன்புறச் சாக்கெட்டில் பிரீ ஆம்ப்ளிஃபையருக்கான உயர்மின்னழுத்தமும் வருகிறது, மீட்டர் முனை அடுத்த பின்னுக்கு வழுக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

உறுமல்

இரண்டு சேனலிலும் கேட்கிறதா, ஒன்றில் மட்டுமா என்பதுதான் முதற்கேள்வி. உள்ளீட்டு முனைகளைக் குறுக்கிட்ட பிளக்கை மாட்டியதும் உறுமல் நின்றால் பழுது வெளியே, கேபிளிலோ பிரீ ஆம்ப்ளிஃபையரிலோ இருக்கிறது. நிற்காவிட்டால், அணைத்து அந்தச் சேனலின் 7199ஐக் கழற்றி மீண்டும் கேட்கவும். உறுமல் போய்விட்டால் 7199இலோ அதன் சுற்றிலோ பழுது. போகவில்லையென்றால் மின்வழங்கி அல்லது இஎல்34 நிலை.

ஓசையின் தன்மையும் வழிகாட்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ஆழ்ந்த 60 ஹெர்ட்ஸ் உறுமல் ஃபிலமென்ட் வயரிங், தரையிணைப்பு, வால்வுக்குள் கசிவு ஆகியவற்றைச் சுட்டும். சற்றுக் கரகரப்பான 120 ஹெர்ட்ஸ் நேர்திருத்தியின் அலையடிப்பு. 50 ஹெர்ட்ஸ் ஊரில் இவை முறையே 50, 100 ஆகும். இரு சேனலிலும் 120 என்றால் வடிகட்டும் கண்டன்சர்தான். ஒரு சேனலில் மட்டும் 120 கேட்டால் கண்டன்சரைக் குறை சொல்லும் முன் இஎல்34களின் பொருத்தத்தைப் பார்க்கவும். இரு வால்வுகளின் மின்னோட்டமும் சமமாக இருக்கும்போது, மின்வழங்கியின் அலையடிப்பு அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சமன் குலைந்தால் நல்ல கண்டன்சர் இருந்தும் உறுமும்.

எர்த் போட்டபின் உறுமல் தொடங்கினால் எர்த்தை வெட்டிவிட வேண்டாம். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ப்பலகையிலிருந்து ஓட்டி, எங்கே தரைச்சுழல் (எர்த் இரு வழியாக இணைந்து உறுமலைத் தரும் வளையம்) உண்டாகிறது என்று தேடவும்.

ஒரு சேனல் ஊமை, அல்லது மெலிவு

ஸ்பீக்கர் வயர், உள்ளீட்டுக் கேபிள், 7199 ஆகியவற்றை இந்த வரிசையில், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, இரு சேனல்களுக்கிடையே மாற்றிப் பார்க்கவும். ஸ்டீரியோ, மோனோ சுவிட்ச் உள்ளே பாசி பிடித்தாலும் ஒரு சேனல் மறைந்துவிடும்.

இவற்றில் தீராவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சோதிக்கவும். ஓர் இஎல்34இன் 3ஆம் பின்னில் (தகடு) மின்னழுத்தம் இல்லாமல், 4ஆம் பின்னில் (ஸ்கிரீன் கிரிட்) மட்டும் இருந்தால் அந்தச் சுருள் அறுந்துவிட்டது. தகட்டுக்குப் போக வேண்டிய மின்னோட்டமெல்லாம் ஸ்கிரீன் கிரிட்டில் இறங்குவதால் அது உள்ளே பளபளவென்று எரியும். இந்த நிலையில் ஓட்டவே கூடாது. மாற்று டிரான்ஸ்பார்மர் போட்டதும் சேனல் ஊளையிட்டால் புதியது கெட்டதென்று எண்ண வேண்டாம். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பும் பின்னூட்டத்தின் திசை மாறியிருக்கிறது. தகடுகளுக்குப் போகும் இரு இழைகளையும் இடம் மாற்றினால், அவற்றோடு சேர்த்து ஸ்கிரீன் இழைகளையும் மாற்றினால், அடங்கிவிடும். ஸ்பீக்கரோ ஈடான மின்தடையோ இல்லாமல் இசையை ஓட்டுவது, நல்ல டிரான்ஸ்பார்மரைக் கொல்லும் உறுதியான வழி.

கரகரப்பு, சிதைவு, வெடிப்பொலி

கேட்டுக்கொண்டே ஒரு காய்ந்த மரக்குச்சியால் வால்வுகளையும் பாகங்களையும் மெல்லத் தட்டவும். எங்கே தட்டினால் வெடிக்கிறதோ அங்கே பச்சைப் பற்றவைப்போ தளர்ந்த சாக்கெட்டோ இருக்கும். முன்நிலைச் சுற்றுப்பலகை முன்கூட்டியே பூட்டி வந்தது. அதன் செம்புத்தடங்கள் வயதில் பலகையிலிருந்து உரிந்துவிடும், சூட்டுக்கோலை நெடுநேரம் வைக்கக் கூடாது.

ஒலி கூடும்போது மட்டும் சிதைந்தால், 7199இன் மும்முனை (ட்ரையோட்) பகுதியில் தகட்டிலும் கேத்தோடிலும் உள்ள இரு 47 கிலோ ஓம் மின்தடைகளை அளக்கவும். இரண்டும் சமமாக இருந்தால்தான் இரு இஎல்34களுக்கும் சமமான எதிரெதிர் அலைகள் போகும். பழைய கார்பன் மின்தடைகள் வயதாக ஆக மேல்நோக்கியே நகரும். 10 சதவீதத்துக்கு மேல் போனதை மாற்றவும். 8 ஓம் சுமையில் 35 வாட் என்பது 16.7 வோல்ட் மாறுமின்னழுத்தம்; அதற்கு வெகு முன்பே அலை வெட்டுப்பட்டால் வால்வுகள் தேய்ந்துவிட்டன. 7199 இப்போது அரிது. அதற்குப் பதிலாகப் பலர் போடும் 6ஜிஎச்8ஏ வால்வின் பின் வரிசை வேறு, இடைச்சாக்கெட் இல்லாமல் நேரடியாகச் செருகக் கூடாது.

"புட் புட்" என்று படகு மோட்டார்போல் அடித்தால், முன்நிலைக்கு மின்சாரம் தரும் கடைசிக் கண்டன்சர் பிரிவுகள் வறண்டுவிட்டன.

பராமரிப்பு

117 வோல்ட்டுக்கு வடிவமைத்த கருவி இது. அமெரிக்காவில் இன்று சில இடங்களில் 125 வோல்ட் வரும், அப்போது 6.3 வோல்ட் ஃபிலமென்ட் 6.7க்கு ஏறும், சுமையில்லா உச்சம் 540ஐத் தாண்டி 525 வோல்ட் கண்டன்சரை மீறும். அங்கே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்ப்பது தகும். நம் ஊரில் விற்கும் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் பெட்டி இந்த வகையில் வசதியானது. சுவரில் 245 வோல்ட் வரும்போது அது 117 தரும். ஃபிலமென்ட் பின்களில் ஒரு முறை அளந்து, 6.3க்கு 10 சதவீதம் மேலோ கீழோ போகாமல் இருப்பதை உறுதி செய்துகொள்ளவும்.

வால்வுகள் நெருக்கமாக நிற்பதால் மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது, மேலே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். கம்பிக்கூடு குழந்தைகளின் கைக்காக இருக்கிறது, அதைக் கழற்றி அழகு பார்க்க வேண்டாம். அணைத்த உடனே மீண்டும் போடும் பழக்கம் ஜிஇசட்34ஐ விரைவில் கெடுக்கும். சில நிமிடம் ஆறவிடவும். வால்வுப் பின்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்புத் துப்புரவுத் திரவத்தால் துடைத்து, தளர்ந்த சாக்கெட் பிடிகளைக் கருவி அணைந்து வடிந்த பின் ஊசியால் நெருக்கவும். பயாஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வால்வு மாற்றிய ஒவ்வொரு முறையும், அதன்பின் ஒரு வாரம் கழித்தும் பார்க்கவும்.